நான்கு மொழிகளின் காங்கோ – 7: 81 கைகளும் ஓர் அகராதியும்

முன்கதை: 1899 செப்டம்பர். கசாய் ஆற்றுப் படுகையில் பியாங்கா நாட்டு ஊர்கள் பற்றி எரிகின்றன. அரசின் பெயரால் வரி வசூலிக்கப் போன ஸாப்போ ஸாப் படையினரின் கைவரிசை இது. நடந்ததைப் பார்த்துவர வில்லியம் ஷெப்பர்டை அனுப்பியிருக்கிறது அமெரிக்க பிரஸ்பிட்டேரியன் மிஷன். வேலியடைத்த முகாமின் வாசலுக்கு அவர் வந்துவிட்டார். உள்ளே எதையோ நெருப்பில் வாட்டுகிறார்கள்...

*

ஷெப்பர்டைத் தீர்த்துக்கட்ட ஒரு தோட்டா போதும். கேட்க நாதியில்லை. காட்டு வழியில் அவரை நோக்கித் துப்பாக்கிகள் உயர்ந்தபோதே கதை முடிந்திருக்கும். குறி பார்த்தவர்களில் சிலருக்கு அவரைத் தெரிந்திருந்ததால் பிழைத்தார்.

தெரியாமலா இருக்கும்? அந்த வட்டாரத்தில் அப்படியோர் ஆள் வேறு யாருமில்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் 1865-இல், அடிமை முறை சட்டப்படி ஒழிந்த அதே ஆண்டில் பிறந்த கறுப்பர். வெள்ளைக்காரரைப் போல வெள்ளை உடையும் தொப்பியும் அணிந்து திரிவார். ‘முண்டெலே ந்தோம்’ என்று காங்கோக்காரர்கள் அவருக்குப் பெயர் வைத்திருந்தார்கள். கறுப்பு வெள்ளைக்காரர் என்று பொருள்.

படைத் தலைவன் முலும்பா ந்குசா அவரை வரவேற்றான். மறைக்க வேண்டும் என்ற நினைப்பே அவனுக்கு இல்லை. கேட்ட வரியைக் கொடுக்க மறுத்தார்கள், கொன்றோம் என்று கணக்கு ஒப்பிப்பதுபோலச் சொன்னான். வேலிக்குள் கிடந்த உடல்களைக் காட்டினான். பிறகு, நெருப்பின் மேல் கட்டியிருந்த குச்சிப் பரண் பக்கம் அழைத்துப் போனான்.

பரண் மேல் கைகள். எல்லாமே வலது கைகள். அழுகிவிடாமல் இருக்க இளஞ்சூட்டில் வாட்டிக்கொண்டிருந்தார்கள். வேலை முடிந்தது என்று அரசு அதிகாரியிடம் காட்ட அத்தாட்சி வேண்டுமல்லவா?

ஷெப்பர்ட் எண்ணினார். 81.

எண்ணியதை எழுதினார். லுவேபோ மிஷன் நிலையத்துக்கு அறிக்கை வந்து சேர்ந்தது. அவரை அனுப்பிய வில்லியம் மாரிசன் அதை வைத்து அதிகாரிகளுக்கு எழுதினார். அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் செய்தி போனது. 1905-இல் மார்க் ட்வைன், பெல்ஜிய மன்னர் லியோபோல்டைக் கிழித்துத் தொங்கவிட்ட நையாண்டிப் பிரசுரத்தில், ஷெப்பர்ட் கண்ட காட்சியையும் சேர்த்தார். உலகம் அதிர்ந்தது. கசாயில் ரப்பர் வசூல் மட்டும் நிற்கவில்லை.

இந்த ஆண்டுகளில் மாரிசனின் கையில் இன்னொரு வேலையும் வளர்ந்துகொண்டிருந்தது. ஒரு மொழியின் இலக்கணமும் அகராதியும். எந்த மொழி என்பதில்தான் முடிச்சு. லுவேபோ இருந்த மண் கெதே மக்களுடையது. ஷெப்பர்டும் அவருடைய தோழர் லாப்ஸ்லியும் 1891 ஏப்ரல் 18 அன்று நீராவிப் படகிலிருந்து இறங்கியபோது காதில் விழுந்தது கெதே. அக்கம்பக்கத்தில் செல்வாக்கோடு இருந்ததோ கூபா அரசு. முட்டை வாங்கும் சாக்கில் ஊர் ஊராக நகர்ந்து, அந்நியர் நுழையக் கூடாத கூபா தலைநகருக்குள் ஷெப்பர்ட் போய்ச் சேர்ந்த கதையை முன்பே பார்த்தோம்.

மாரிசன் எழுதிக்கொண்டிருந்தது கெதே மொழிக்கும் அல்ல, கூபா மொழிக்கும் அல்ல. அந்த ஊரில் சொந்தமாக ஒரு பிடி மண்கூட இல்லாதவர்களின் மொழிக்கு!

ஓடி வந்தவர்கள்

அவர்கள் லூபாக்கள். கிழக்கே, இன்றைய ம்புஜி-மயி நகரைச் சுற்றிய புல்வெளிகளும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளும் அவர்களுடைய ஊர். தென்கிழக்கில், கட்டாங்கா பக்கம், பெயர்பெற்ற லூபா பேரரசு ஒன்று இருந்தது. கசாய் லூபாக்கள் தங்கள் மூதாதையர் அங்கிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அவர்களை ஆளப் பேரரசர் எவரும் இல்லை. குலத்துக்கு ஒரு தலைவர், ஊருக்கு ஒரு தலைவர் என்று சிதறி வாழ்ந்தார்கள்.

சிதறி வாழ்ந்ததுதான் வினையாகிப்போனது. 1880களில் கிழக்கிலிருந்து துப்பாக்கியோடு வந்தது அடிமை வேட்டை. ஸான்ஸிபார் வணிகர் திப்பு திப்பின் கூட்டாளியாகத் தொடங்கிய ங்கோங்கோ லுதெதேயின் ஆட்கள் ஊர்களைச் சூறையாடினார்கள். ஸாப்போ ஸாப்களும் அந்தக் காலத்தில் இதே தொழிலில் இருந்தவர்கள்தான். பிடிபட்டவர்கள் கைமாறிக் கைமாறி மேற்கே விற்கப்பட்டார்கள். தப்பித்தவர்களும் மேற்கே ஓடினார்கள். வேறு திசை இல்லை.

மேற்கே லூலுவா ஆறு. அதன் கரையில் 1884-இல் ஜெர்மன் பயணி ஹெர்மன் விஸ்மன் லூலுவாபர்க் நிலையத்தை அமைத்திருந்தார். 1891-இல் அதற்கு அருகே மிகலாயியில் பெல்ஜியத்தின் ஷூட் சபைப் பாதிரியார் எமெரி காம்பியே கத்தோலிக்க மிஷனைத் தொடங்கினார். இன்னும் கீழே, லூலுவாவும் லுவேபோ ஆறும் கூடும் இடத்தில் பிரஸ்பிட்டேரியன் மிஷன். ஓடி வந்தவர்கள் இந்த மூன்று புள்ளிகளையும் சுற்றிக் குடிசை போட்டார்கள். விற்பனைக்கு வந்த அடிமைகள் சிலரை மிஷன்களே பணம் கொடுத்து மீட்டன. மீட்கப்பட்டவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. மிஷன் பள்ளியில் முதலில் உட்கார்ந்தவர்கள் அவர்கள்தான்.

கூபா மக்களுக்குப் பள்ளி தேவைப்படவில்லை. அவர்களுக்கு அரசன் இருந்தான், அரண்மனை இருந்தது, சடங்கு இருந்தது. கூபா பிரபுக்களின் வயல்களில் வேலை செய்ய விலைக்கு வாங்கப்பட்டவர்களிலும் லூபாக்கள் உண்டு. அரசன் பேசியது கூபா மொழி. அவனுக்கு விற்கப்பட்டவர்கள் பேசியது சிலுபா.

கடைசியில் எது வென்றது? ஆல்தியா பிரவுன் எட்மிஸ்டன் என்ற கறுப்பின அமெரிக்கப் பெண் மிஷனரி, கூபா மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார். அது 1932-இல்தான் லுவேபோவில் அச்சேறியது. மாரிசனின் சிலுபா நூல் அதற்கு 26 ஆண்டுகளுக்கு முன்பே நியூயார்க்கில் அச்சாகிவிட்டது. பள்ளியும் பிரசங்கமும் சிலுபாவில்தான் என்று மிஷன் அதற்குள் தீர்மானித்துவிட்டது.

தலையில் ஒட்டும் மொழி

அந்த மொழியைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். பெயரிலேயே தொடங்கலாம். ‘சிலுபா’வின் முதல் எழுத்தைப் ‘பச்சிலை’யில் வரும் ‘ச்சி’ போல அழுத்திச் சொல்ல வேண்டும். பிரெஞ்சு வழி எழுதுபவர்கள் அந்த ஒலிக்கு டி, எஸ், எச் என்று மூன்று எழுத்து போடுவார்கள். மொழியியலாளர்களுக்கு ஒற்றை சி போதும். ஒரு லூபா ஆள் ‘முலுபா’. பலர் சேர்ந்தால் ‘பலுபா’. அவர்கள் பேசுவது ‘சிலுபா’. ‘லுபா’ அசையாமல் நிற்கிறது. முன்னால் ஒட்டும் அசைதான் ஆளா, கூட்டமா, மொழியா என்று சொல்கிறது. கிஸ்வாஹிலி, கிகொங்கோ பெயர்களில் ‘கி’ என்று வருவதும் இந்தச் ‘சி’யின் உடன்பிறப்புதான்.

இவை எல்லாம் பான்டு குடும்பத்து மொழிகள். அந்தக் குடும்பத்துக்கே பெயர் கொடுத்த சொல் சிலுபாவிலும் அப்படியே இருக்கிறது: ‘முன்டு’ என்றால் மனிதர், ‘பான்டு’ என்றால் மனிதர்கள். நாம் பன்மைக்கு வாலில் ‘கள்’ ஒட்டுகிறோம். அவர்கள் தலையை மாற்றுகிறார்கள். ‘முச்சி’ மரம், ‘மிச்சி’ மரங்கள். ‘சின்டு’ பொருள், ‘பின்டு’ பொருள்கள்.

அதோடு விட்டால் பரவாயில்லை. பெயர்ச்சொல்லின் தலை மாறினால், அதைச் சார்ந்த சொற்களும் கூடவே தலையை மாற்றியாக வேண்டும். ‘நேனே’ என்றால் பெரிய. பெரிய மனிதர் ‘முன்டு முனேனே’. பெரிய மனிதர்கள் ‘பான்டு பனேனே’. பெரிய பொருள் ‘சின்டு சினேனே’. பெரிய பொருள்கள் ‘பின்டு பினேனே’. வினைச்சொல்லும் இதே வரிசையில் வந்து நிற்கும். பேச்சு முழுக்க மோனை போட்ட மாதிரி ஒலிக்கும். அலங்காரத்துக்கு அல்ல; எந்தச் சொல் எதோடு சேர்ந்தது என்று கேட்பவருக்குக் காட்ட.

நமக்கு உயர்திணை, அஃறிணை என்று இரண்டு. சிலுபாவில் பெயர்ச்சொற்கள் பத்துக்கும் மேற்பட்ட வகுப்புகளில் அடங்கும். ஆட்களுக்கு ஒன்று, மரம் முதலியவற்றுக்கு ஒன்று, பொருள்களுக்கு ஒன்று, குணங்களுக்கு ஒன்று, சின்னஞ்சிறியவற்றுக்கு ஒன்று. சிறியதைச் சொல்ல ஒருமையில் ‘க’, பன்மையில் ‘து’. பிரெஞ்சுக்காரர்களின் வகுப்பறைச் சொல் கசாய்க்கு வந்து ‘கலாசா’ என்று பள்ளிக்கூடத்தைக் குறிக்கத் தொடங்கியது. சொல்லின் முதலில் இருந்த ‘க’வை மக்கள் தங்கள் முன்னொட்டாகவே எடுத்துக்கொண்டார்கள். பன்மை ‘துலாசா’ ஆகிவிட்டது! வெளியூர்ச் சொல் வந்தால்கூட வகுப்பில் சேர்ந்துதான் உட்கார வேண்டும்.

இடத்தைச் சொல்லவும் தலைதான். ‘ன்ஸுபு’ வீடு. ‘மு ன்ஸுபு’ என்றால் வீட்டுக்குள். ‘கு ன்ஸுபு’ என்றால் வீட்டுப் பக்கம். வினைச்சொல்லுக்கு மட்டும் வாலும் உண்டு. ‘குலோங்கா’ படிப்பது; நடுவில் ஓர் அசையை நுழைத்து ‘குலோங்கெஷா’ என்றால் படிக்கவைப்பது, அதாவது கற்பிப்பது. படிப்பவர் ‘முலோங்கி’, கற்பிப்பவர் ‘முலோங்கெஷி’. ‘து’ என்றால் நாங்கள். அதை வினையின் தலையில் வைத்து ‘த்வசகிதிலா’ என்றால் ஒரே சொல்லில் ‘நாங்கள் நன்றி சொல்கிறோம்’ முடிந்துவிட்டது.

மாரிசனைப் போன்ற அகராதிக்காரர்களின் தலைவலி இப்போது புரிந்திருக்கும். அகர வரிசையில் அடுக்கலாம் என்றால், ஒரே சொல் ஒருமையில் ஓர் எழுத்திலும் பன்மையில் வேறோர் எழுத்திலும் தொடங்குகிறது. வினைச்சொல்லோ யார் செய்தார், எப்போது செய்தார் என்பதைப் பொறுத்து முகம் மாறுகிறது. தேடுபவர் சொல்லின் தலையைக் கழற்றிவிட்டு உடலைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் இலக்கணமும் அகராதியும் ஒரே புத்தகத்தில் சேர்ந்து வரவேண்டியிருந்தது. ஒன்றில்லாமல் மற்றது பயன்படாது.

போதாததற்குச் சுரம். சிலுபாவில் ஒவ்வோர் அசைக்கும் ஏற்றம் அல்லது இறக்கம் உண்டு. எழுத்து ஒன்றாக இருந்து சுரம் மாறினால் பொருளும் மாறிவிடும். பிளந்த மரத்தால் செய்த முரசுகளில் இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் அடித்தே பக்கத்து ஊருக்குச் செய்தி அனுப்பினார்கள். இதில் இன்னொரு விந்தையும் உண்டு. மற்ற பான்டு மொழிகள் பலவற்றில் எந்த அசை ஏறுமோ, சிலுபாவில் அது இறங்கும்; இறங்க வேண்டியது ஏறும். தாய்மொழியிலிருந்து பிரிந்து வந்த வழியில் எங்கோ சுரங்கள் தலைகீழாகப் புரண்டுவிட்டன. எப்படி, ஏன் என்று மொழியியலாளர்கள் இன்றும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள்.

மிஷன்காரர்கள் வகுத்த எழுத்துமுறை சுரத்தைக் குறிக்கவில்லை. அன்றாட எழுத்தில் இன்றும் குறிப்பதில்லை. படிப்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார்.

ஒரு சிறு கோடு

1906. நியூயார்க்கில் மாரிசனின் புத்தகம் வெளிவந்தது. அட்டையில் மொழியின் பெயரைப் பாருங்கள்: ‘புலுபா-லூலுவா’. இரண்டு பெயர்கள், நடுவில் ஓர் இணைப்புக் கோடு.

லூலுவா என்பது ஆற்றின் பெயர். ஆற்றங்கரையில் முன்னரே குடியேறியிருந்தவர்களை விஸ்மன் தன் பயண நூல்களில் பஷிலாங்கே என்று எழுதினார். அவர்களுடைய தலைவர் கலம்பா முக்கெங்கேயின் செல்வாக்கில்தான் விஸ்மன் அங்கே காலூன்ற முடிந்தது. கஞ்சா புகைப்பதை வழிபாட்டுச் சடங்காக்கி, பழைய பகைகளை ஒழிக்கப்போவதாகச் சொன்ன இயக்கம் ஒன்று அந்த நாட்டில் நடந்துகொண்டிருந்ததைப் பயணிகள் வியந்து பதிவு செய்திருக்கிறார்கள். பின்னாளில் இந்த மக்களுக்கு ஆற்றின் பெயரே நிலைத்துவிட்டது: லூலுவாக்கள்.

முன்பே வந்தவர்கள் லூலுவாக்கள். பின்னால் ஓடி வந்தவர்கள் லூபாக்கள். பேசியது ஒரே மொழி. உச்சரிப்பிலும் சில சொற்களிலும் மட்டும் வேறுபாடு. இருவரும் ஒருவரை ஒருவர் ‘முஓயோ’ என்றுதான் வாழ்த்திக்கொண்டார்கள். ஒருவருக்கென்றால் ‘முஓயோ வெபே’, பலருக்கென்றால் ‘முஓயோ வெனு’. உயிர் நலமாக இருக்கட்டும் என்ற வாழ்த்து.

மாரிசன் போட்ட கோடு மொழியைப் பொறுத்தவரை நியாயமானது. கத்தோலிக்கத் தரப்பிலும் ஷூட் சபையின் ஒகுஸ்ட் தெ கிளெர்க் இதே மொழிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார். எழுத்துமுறையில் இரண்டு சபைகளும் ஒத்துப்போகவில்லை. ஆனால் எது பள்ளியின் மொழி என்பதில் இரண்டுக்கும் வேறு கருத்தே இல்லை. ஒரு தலைமுறைக்குள் கெதே பிள்ளையும் சிலுபாவில் எழுதப் படித்தது. படை எடுத்துப் பரவிய மொழி அல்ல இது. வணிகம் செய்து பரவியதும் அல்ல. உயிருக்கு ஓடி வந்தவர்களின் வாயிலிருந்து எடுத்து அச்சில் ஏற்றியதால் கசாய் முழுக்கப் பொது மொழியானது.

அச்சு இன்னொன்றையும் கொண்டுவந்தது. வழக்கு!

லியோபோல்ட்வில் நீதிமன்றம்

லுவேபோவில் மிஷனுக்குச் சொந்தமாக அச்சகம் இருந்தது. ‘கசாய் ஹெரால்ட்’ என்ற சிறு பத்திரிகையும் இருந்தது. 1908 ஜனவரியில் ஷெப்பர்ட் அதில் கூபா நாட்டின் நிலை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். செழித்திருந்த ஊர்கள் சில ஆண்டுகளில் பாழாகிவிட்டன. வயலில் களை மண்டுகிறது. ஆயுதம் ஏந்திய காவலர்கள் விரட்ட, மக்கள் ரப்பர் எடுக்கக் காட்டுக்குப் போகிறார்கள். கிடைக்கும் கூலியோ சொற்பம். இதுதான் சாரம். மிகையாக ஒரு வரிகூட இல்லை.

1901-இல் அமைந்த கசாய் கம்பெனியின் கையில் இருந்தது ரப்பர் வணிகம் முழுவதும். பங்குகளில் பாதி அரசுடையது. பிரிட்டிஷ் துணைத் தூதர் வில்ஃப்ரெட் தெசிகர் கசாயைச் சுற்றிப் பார்த்து எழுதிய அறிக்கையும் ஷெப்பர்ட் சொன்னதையே சொன்னது. பங்கு விலை சரிந்தது. கம்பெனி ஆத்திரத்தை மிஷன் மீது காட்டியது. எழுதிய ஷெப்பர்ட் மீதும் வெளியிட்ட மாரிசன் மீதும் அவதூறு வழக்கு.

லியோபோல்ட்டின் சொந்தச் சொத்தாக இருந்த காங்கோவை 1908-இல் பெல்ஜிய அரசு எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் நீதிமன்றமும் அதிகாரிகளும் பழையபடிதான். விசாரணை லுவேபோவிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, லியோபோல்ட்வில்லில். மிஷனரிகளுக்கு அங்கே யாரைத் தெரியும்? எந்த வக்கீல் அரசும் பங்குதாரராக உள்ள கம்பெனியை எதிர்த்து வாதாடுவார்?

வந்தார் ஒருவர். பெல்ஜியத்திலிருந்தே வந்தார். எமீல் வாண்டர்வெல்ட. சோஷலிஸ்டுகளின் தலைவர்; கடவுள் நம்பிக்கை இல்லாதவர். பெல்ஜிய நாடாளுமன்றத்தில் லியோபோல்டின் காங்கோவைத் தோலுரித்தவர். நாத்திக வழக்கறிஞர் இரண்டு பாதிரியார்களுக்காகக் கப்பலேறி வந்ததைக் கேட்ட கம்பெனித் தரப்பு திகைத்தது.

மாரிசன் மீதான வழக்கு விசாரணைக்கு முன்பே சட்ட நுணுக்கம் ஒன்றில் அடிபட்டுப் போயிற்று. மிச்சம் ஷெப்பர்ட். 1909 செப்டம்பர் 24. நீதிமன்றம் நிரம்பி வழிந்தது. கம்பெனியின் பெயரைக் கெடுக்கத் திட்டமிட்டு எழுதிய கட்டுரை என்றது ஒரு தரப்பு. வாண்டர்வெல்ட எழுந்தார். தன் கட்சிக்காரர் லாபத்துக்காக எழுதவில்லை. தான் வாழும் மக்களுக்காக எழுதினார் என்பதே அவருடைய வாதத்தின் முதுகெலும்பு. நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவைத்தார்.

அதே ஆண்டில் லண்டனில் ஷெர்லாக் ஹோம்ஸை உருவாக்கிய ஆர்தர் கானன் டாயில் காங்கோக் கொடுமைகளைப் பற்றித் தனி நூலே எழுதி வெளியிட்டிருந்தார். தீர்ப்பு ஷெப்பர்டுக்கு எதிராகப் போனால் உலகம் சும்மா இருக்காது. சாதகமாகப் போனாலோ, கம்பெனி சொன்னது பொய் என்று அரசின் நீதிமன்றமே ஒப்புக்கொண்டதாகிவிடும். நீதிபதிக்கு இரண்டு பக்கமும் இடி.

அக்டோபர் 4. தீர்ப்பு: ஷெப்பர்ட் குற்றவாளி அல்ல. நீதிபதி கண்டுபிடித்த வழி சாமர்த்தியமானது. கட்டுரையில் கசாய் கம்பெனியின் பெயரே இல்லை. ஆகவே அது கம்பெனியைத் தாக்கி எழுதியதாகாது! கொடுமை நடந்ததா, இல்லையா என்ற கேள்விக்குள் அவர் போகவே இல்லை. வழக்குச் செலவு மட்டும் கம்பெனியின் தலையில் விழுந்தது.

வென்ற மொழி

ஷெப்பர்ட் 1910-இல் அமெரிக்கா திரும்பினார். பிறகு காங்கோவைப் பார்க்கவில்லை. மாரிசன் லுவேபோவிலேயே இருந்தார். பள்ளிப் புத்தகங்களையும் வேத நூல் பகுதிகளையும் சிலுபாவில் தொடர்ந்து எழுதிக்கொண்டிருந்தவர், 1918-இல் அங்கேயே இறந்தார். முழு பைபிள் சிலுபாவில் 1927-இல் வெளிவந்தது.

அடுத்த ஆண்டே ரயில் வந்தது. கட்டாங்காவின் செம்புச் சுரங்கங்களைக் கசாய் ஆற்றின் படகுத்துறையோடு இணைத்த பாதை, லூபா நாட்டையும் லூலுவா நாட்டையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போனது. சிக்காபாவில் 1913 முதலே வைரச் சுரங்கம் நடந்துகொண்டிருந்தது. பக்வாங்காவிலும் (இன்றைய ம்புஜி-மயி) வைரம் கிடைத்தது. எங்கும் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் தேவை. மிஷன் பள்ளியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்? ஓடி வந்தவர்களின் பிள்ளைகள். ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா, கடைக் கணக்கர், ஆசிரியர் என்று எந்த மேஜைக்குப் பின்னாலும் ஒரு லூபா இருந்தார். அவர்களோடு சிலுபாவும் கட்டாங்காவின் சுரங்க நகரங்கள் வரை போயிற்று.

இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசின் அரசியல் சாசனம் பிரெஞ்சை ஆட்சி மொழியாகவும், கிகொங்கோ, லிங்காலா, ஸ்வாஹிலி, சிலுபா நான்கையும் தேசிய மொழிகளாகவும் பெயர் சொல்லி ஏற்கிறது. சிலுபாவைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 60 லட்சத்துக்கும் மேல் என்பது 1990களின் மதிப்பீடு. கனாங்காவிலும் (அன்றைய லூலுவாபர்க்) ம்புஜி-மயியிலும் சந்தை, வானொலி, தொடக்கப் பள்ளி எல்லாம் சிலுபாதான். முத்துவாஷி ஆட்டப் பாட்டை ஆப்பிரிக்கா முழுக்கக் கொண்டுபோன பாடகி ஷாலா முவானா இந்த மொழியின் மகள். நீண்ட காலம் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த எத்தியேன் சிசெகெடியும், 2019 ஜனவரியில் அதிபரான அவர் மகன் ஃபெலிக்ஸும் லூபாக்கள்.

இவ்வளவும் கேட்டால் ஒரு மொழியின் வெற்றிக் கதை சுபமாக முடிந்த மாதிரி இருக்கிறது. முடியவில்லை.

1950களில் லூலுவாபர்க் நகரத்தின் அலுவலகங்களுக்குள் நுழைந்த லூலுவா இளைஞர்கள் ஒரு கணக்குப் போடத் தொடங்கினார்கள். மண் நம்முடையது, நாற்காலி ஏன் அவர்களுடையது? அகதியாக வந்தவர்களுக்கு இடம் கொடுத்த நம் பிள்ளைகள், அவர்களிடமே மனு எழுதிக் கொடுத்துக் காத்திருப்பதா? ‘லூலுவா சகோதரர்கள்’ என்ற சங்கம் பிறந்தது. கலம்பா பரம்பரையின் பெயர் மறுபடி மேடையேறியது. சுதந்திரம் வரப்போகிறது, தேர்தல் வரப்போகிறது, யார் ஆள்வது என்ற பேச்சு சூடுபிடித்தது. மொழி ஒன்றுதான் என்று மாரிசன் போட்ட இணைப்புக் கோட்டின் இரண்டு பக்கமும் ஆட்கள் திரண்டார்கள்.

1959 அக்டோபர். லூலுவாபர்க் நகரத்தின் குடியிருப்புகளில் தீ வைக்கப்பட்டது. லூபாக் குடும்பங்கள் மூட்டை கட்டின. இரண்டு தலைமுறைக்கு முன் எந்தப் பாதை வழியாக ஓடி வந்தார்களோ அதே பாதையில், இந்தத் தடவை கிழக்கு நோக்கி! அங்கே அவர்களுக்காகக் காத்திருந்தது மண்ணுக்கடியில் வைரம். மண்ணுக்கு மேல், தன்னை அரசன் என்று அறிவிக்கப்போகும் ஆல்பர்ட் கலோஞ்சி.

ஒரே மொழி, ஒரே வாழ்த்து, ஒரே பள்ளிப் புத்தகம். இருட்டில் எதிரே வருபவன் லூபாவா லூலுவாவா என்று கத்தி ஏந்தியவர்கள் எப்படித்தான் அடையாளம் கண்டார்கள்? ஒன்பது மாதத்தில் காங்கோ சுதந்திரம் பெற்றதும், பக்வாங்காவில் நடந்ததைக் கேட்டு ஐ.நா. பொதுச்செயலாளர் டாக் ஹாமர்ஷோல்ட் ஏன் ‘இனப்படுகொலை’ என்ற சொல்லையே எடுக்க வேண்டி வந்தது?

(அடுத்த வாரம்: வைர நாட்டு அரசன்)